பிரதி எடுக்காத பாட்டு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஜாரில் ஒரு மாடியறையில் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகும். அதன் இயங்குதளத்தைப் புதிதாக மாற்றலாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு, ஒருநாள் அவசரமாக மாற்றினேன். பதிவுகளை சிடியில் பிரதி எடுக்கவில்லை. எல்லாம் அழிந்துபோயின.

அடுத்த வாரம் பொகவந்தலாவையிலிருந்து ஒரு பெண் வந்தார். என்னிடம் காமன் கூத்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போன பெரியசாமி அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அவரு பாடுனத வாங்கிட்டுப் போலாம்னு வந்தேங்க, தம்பி. நான் இன்னும் கேக்கவே இல்ல."

மெஷின் பழுது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"என் தப்புதாங்க அக்கா. அழிச்சிட்டேன்."

அவர் அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பாடுறப்ப நீங்க கூட இருந்தீங்கதானே? எப்படிப் பாடுனாருன்னாவது சொல்லுங்க" என்றார்.

இரண்டாம் அடியில் அண்ணன் இருமியதையும், "மறுபடி எடுங்க தம்பி" என்று சிரித்ததையும் சொன்னேன். கண் கலங்க அவரும் சிரித்தார். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அண்ணன் பாடியபோது நான் திரையில் ஏறியிறங்கிய கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஆனாலும் யார் பாட வந்தாலும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பதிவு செய்கிறேன்.