பானெட்டில் மூன்று நீல வட்டங்கள்

மாமனார் விட்டுப்போன பழைய அம்பாசிடருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க, இன்று கடலூர் முதுநகர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கடற்காற்றும் வெயிலும் தின்று, அதன் நீலம் விடியற்கால வானம்போல் வெளுத்திருந்தது.

பானெட்டில் காய்ந்து கிடந்த சந்தனப் பொட்டுகளைப் பெயிண்டர் ஈரத்துணியால் துடைத்தார். அடியில் மூன்று வட்டங்கள், ஆழ்கடல் நீலத்தில்.

“ஒங்க மாமனாரு வெள்ளிக்கெழம தவறாம அதே எடத்துல வச்சிருக்காரு. அங்க மட்டும் வெயிலு படல. தேய்ச்சிடட்டுங்களா சார்?” என்றார்.

அந்த வட்டங்களுக்குள் கார் இன்னும் ஷோரூமைவிட்டே கிளம்பவில்லை. 

வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்றுகூட நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ள மறுத்தவன் நான். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல சந்தனம் வேண்டும். எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். மனைவியிடம் மட்டும் கேட்க முடியாது.