மீன் ஏன் மரம் ஏறுகிறது? பாலிக் பூலாவ் கழியில் ஒரு சனிக்கிழமை

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான்காம் ஆண்டு அறிவியல் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், மீன் ஏன் மரத்துல ஏறுது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் விடவில்லை. பாலிக் பூலாவ் பக்கம் ஆற்று முகத்தில் அவளுடைய சித்தப்பா வீடு. "நெஜமா டீச்சர், விடுமுறைக்குப் போனப்ப நானே பார்த்தேன், ஏறுது." மணி அடித்தது. "நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். மறுநாள் பாடம் காந்தத்துக்குப் போய்விட்டது.

பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கையில் நேரம் இருக்கிறது, முழங்காலும் இன்னும் ஒத்துழைக்கிறது. ஆகவே கடந்த பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, அந்தக் கேள்வியோடு கிளம்பினேன். துணைக்கு மைமூன். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எனக்கு இருபது ஆண்டு அண்டை வீட்டுக்காரி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் குடும்பத்தோடு நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தியவள். இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு, என்னைப் போலவே வெட்டியாக இருக்கிறாள். இந்தத் தீவிலேயே பிறந்து அறுபத்தொரு வயதாகியும் ஃபெர்ரியைத் தவிர வேறு எந்தப் படகிலும் ஏறியதில்லை என்பது அவளுடைய குறை.

காலை 7.40க்கு மைமூனின் காரில் புறப்பட்டோம். பாயா தெருபோங் வழியாக மலைச் சாலையைப் பிடித்து ஏறி இறங்க வேண்டும். வளைவுகள் அதிகம், வயிறு கெடுகிறவர்கள் வெறும் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படகுத்துறை வரை 23 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கார் இல்லாதவர்கள் பாலிக் பூலாவ் டவுன் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வாடகைக் கார் எடுக்கலாம். பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள்.

கட்டணம் தலைக்கு 65 வெள்ளி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 50. மூன்றரை மணி நேரம். படகில் ஆறு பேர் உட்காரலாம். அன்று விருந்தினர் நாங்கள் நால்வர்தான். ஈப்போவில் இருந்து கவிதா என்ற பெண்ணும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். நான் டீச்சர் என்பதை மைமூன் துறையிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள். படகுக்காரர் பாக் டின், எழுபதை நெருங்கும் மலாய் மீனவர். வழிகாட்டி முரளி.

முரளிக்கு நாற்பத்து மூன்று வயது இருக்கும். எனக்கு லைஃப் ஜாக்கெட் பட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, கழற்றி மறுபடி மாட்டினார். மைமூன் கண்ணில் எதுவும் தப்பாது.

"என்ன தம்பி, எங்களைப் பார்த்தா அவ்ளோ பயமாவா இருக்கு?"

"இல்லக்கா. இன்னைக்கு எனக்கு டெஸ்ட்டு." குரலைத் தாழ்த்திச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகள் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவர். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். எட்டு மாதமாகப் பாக் டின்னிடம் வலையும் ஆறும் பழகுகிறார். அன்றுதான் முதல் முறையாக, தானே பேசி, தானே நடத்தும் பயணம். "இன்னைக்கு அவருக்குப் பிடிச்சிருந்தா வார கடைசி எல்லாம் எனக்குத் தந்துருவாரு. இல்லன்னா கூலிம்ல ஒரு ஃபேக்டரி, திங்கக்கிழமையே வரச் சொல்றான், நைட் ஷிஃப்ட். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"உனக்கு எது இஷ்டம்?"

முரளி ஆற்றைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷம் சூரியனைப் பார்க்காம இருந்தேன்கா" என்றார்.

ஒன்பது மணிக்குப் படகு நகர்ந்தது. அன்று எட்டு மணிவாக்கில் நீர் முழுவதும் வற்றி, திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. ஆற்று முகத்தில் சேறு இன்னும் பளபளவென்று கிடந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் சின்னப் பறவைகள், தையல் இயந்திர ஊசி போல அலகால் குத்திக்கொண்டே நடந்தன. வடக்கே குளிருக்குத் தப்பி வந்தவை, ஏப்ரலில் திரும்பிவிடும் என்றார் முரளி. சற்றுத் தள்ளி, இடுப்பளவு உயரத்தில் ஒரு பெரிய நாரை, தலையில் முடியே இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டவர் போல நின்றது.

"இதை மலாய்க்காரங்க 'மொட்டைப் பறவை'ன்னுதான் சொல்வாங்க. இப்பல்லாம் நிறைய இடத்துல பார்க்க முடியாது."

மைமூன் பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். "ஏன் பார்க்க முடியாது? எங்க வீட்டுல ஒண்ணு தினமும் பேப்பர் படிக்குது லா."

படகே குலுங்கியது. பாக் டின்னுக்கு முரளி மலாயில் சொன்னார். பின்னால் இயந்திரத்தின் அருகே உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார், சிரிக்கவில்லை. பரீட்சை மேற்பார்வையாளர்கள் சிரிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், நானே இருந்திருக்கிறேன்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஓடை குறுகி, அலையாத்தி மரங்கள் இருபுறமும் நெருங்கி வந்தன. சேற்றில் இருந்து விரல் விரலாக வேர்கள் மேல்நோக்கி நின்றன. "இது என்ன டீச்சர், குச்சி குச்சியா நட்டு வெச்சிருக்காங்க?" என்று கவிதா என்னைக் கேட்டாள். முரளி தன் கையில் இருந்த அட்டையைப் புரட்டி, வாயைத் திறந்தார்.

அதற்குள் நான் தொடங்கிவிட்டேன்.

என்ன செய்வது, முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம். அவை நட்ட குச்சிகள் அல்ல, மூச்சு வாங்கும் வேர்கள் என்றேன். சேற்றுக்குள் காற்று கிடையாது. போர்வைக்குள் தலையை மூடிப் படுத்தவர் மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிறார் அல்லவா, அதுபோல என்றேன். கவிதா "ஆமால்ல!" என்றாள். அந்த "ஆமால்ல" ஓர் ஆசிரியருக்கு என்ன செய்யும் என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். உப்பை இலை வழியாகத் தள்ளும் விதத்தைச் சொன்னேன். மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் விதைக்குப் பென்சில் உவமை சொன்னேன். கவிதாவின் கணவர் கைப்பேசியில் என்னைப் படம் எடுத்தார். முரளி அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மைமூன் என் தொடையைக் கிள்ளினாள். வலிக்கும்படி.

"சரோ, நீ ரிட்டயர் ஆயிட்டே. யாரும் உங்கிட்ட சொல்லலியா?"

"என்ன?"

"இது அந்தத் தம்பியோட கிளாஸு. பின்னால பாரு."

பார்த்தேன். பாக் டின் என்னைப் பார்க்கவில்லை. அசையாமல், முரளியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடமாக வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியும். ஏன் பேசவில்லை என்பது தெரியாது. என் தமிழ் அவருக்கு எப்படிப் புரியும்? கேள்விக்குப் பதில் தெரியாமல் பையன் உட்கார்ந்துவிட்டான் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஒரு மனிதரின் வேலையை நான் போர்வை, பென்சில் என்று பேசியே தின்றுகொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டால் இன்னும் மோசமாகும். அவர் தடுமாறினார் என்பதை நானே அறிவித்ததாகிவிடும். வகுப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எனக்கு உண்மையாகவே விடை தெரியாத ஒன்றைக் கேட்பது. நல்ல வேளை, அப்படி ஒன்று கைவசம் இருந்தது. பாக் டின்னுக்கும் விளங்கட்டும் என்று மலாயில் கேட்டேன்.

"முரளி, மீன் ஏன் மரத்தில் ஏறுகிறது?"

முரளி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என் நாக்கு துடித்தது. 'அதாவது' என்று தொடங்கி உதவி செய்ய வேண்டும் போல் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தருவார்கள், கேள்வி கேட்டால் பிள்ளைக்கு யோசிக்க நேரம் கொடு என்று. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் ஐந்து விநாடிக்கு மேல் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. இப்போது மனத்துக்குள் எண்ணினேன். பத்து. பதினொன்று. கவிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மைமூன் அந்த வாய்க்குள் ஒரு புளிப்பு மிட்டாயைத் திணித்தாள். பதினாறு. பதினேழு.

"இஞ்சின் மாத்தி" என்று மலாயில் சொன்னார் முரளி. பாக் டின் இயந்திரத்தை அணைத்தார்.

திடீர் அமைதி. எங்கோ ஒரு மீன்கொத்தி கத்தியது. முரளி துடுப்பால் படகை ஒரு மரத்தடிக்குத் தள்ளி, தாழ்ந்த குரலில் சொன்னார், "அந்த வேரைப் பாருங்க. தண்ணிக்கு மேல ஒரு சாண்."

வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது, சுண்டுவிரல் அளவில், தவளைக் கண்ணோடு ஒரு மீன்! பெலாச்சாக் என்று இங்கே சொல்வார்கள். அதற்கு மேலே இன்னொன்று. பக்கத்து வேரில் நான்கு. தண்ணீர் மெல்ல ஏறி முதல் மீனின் வாலைத் தொட்டது. அது முன்துடுப்புகளைக் கைகளாக ஊன்றி இரண்டு எட்டு மேலே போனது. மறுபடி தண்ணீர், மறுபடி இரண்டு எட்டு. என் மாணவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

"ஏன் ஏறுதுன்னுதானே கேட்டீங்க டீச்சர்? வாயால சொல்ல எனக்கு வராது. காட்டுறேன்."

வீச்சு வலையை எடுத்தார். ஒரு பகுதியை முழங்கையில் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் கோத்த விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, படகின் முனையில் நின்று வீசினார். வலை விரியவே இல்லை. துவைக்கப் போட்ட கைலி மாதிரி மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தது. கவிதாவின் கணவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். பாக் டின் முகத்தில் ஒன்றும் இல்லை.

முரளி வலையை இழுத்து, உதறி, மறுபடி கையில் மடித்தார். அவசரப்படவில்லை. இயந்திரம் பழுது பார்த்த கைகள். ஒரு திருகு உட்காரவில்லை என்றால் கழற்றி மறுபடி போடத் தெரிந்தவை. இடுப்பைத் திருப்பி வீசினார். வலை வட்டமாக விரிந்து, ஒரு கணம் காற்றில் நின்று, சுற்றிலும் ஒரே நேரத்தில் 'சர்'ரென்று தண்ணீரைத் தொட்டது. மைமூன் கை தட்டினாள்.

இழுத்தபோது வலையில் பத்துப் பன்னிரண்டு இறால், மூன்று மடவை, கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா துள்ளியது. படகுத் தளத்தில் விழுந்ததும் கொடுவா வாயைப் பிளந்து எதையோ கக்கியது. முரளி அதை உள்ளங்கையில் எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். அதே தவளைக் கண். ஒரு பெலாச்சாக்.

"தண்ணி ஏறும்போது இவன் உள்ள வர்றான்," கொடுவாவைக் காட்டினார். "அதனால அவன் மேல போறான்," வேரைக் காட்டினார். "அவ்ளோதான் டீச்சர்."

இருபது வார்த்தை இருக்குமா? எனக்கு ஒரு பாடவேளை தேவைப்பட்டிருக்கும், அப்போதும் இப்படி உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு முரளியை நிறுத்த முடியவில்லை. ஓடை முடிந்து குளம்போல் விரியும் கழிக்குள் போனதும், நண்டுக்காகக் காலையிலேயே வைத்திருந்த கூடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஐந்தில் இரண்டில் நண்டு. ஒன்று முட்டையோடு இருந்தது, அதைத் திரும்ப விட்டார். "அந்த நண்டு எவ்ளோ கொழுப்பு! ஐயோ, என் சம்பல்!" என்று மைமூன் மெய்யாகவே வருந்தினாள். 11.20க்கு வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தலைக்கு மேலே வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை நீட்டித் தண்ணீரில் ஒரு மீனைக் கிள்ளிக்கொண்டு போனது. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நானும் கத்தினேன். பறவை பார்க்கப் போனால் கத்தக் கூடாதுதான். கத்தினோம்.

திரும்பும் வழியில் முரளியிடம் சொன்னேன், "தம்பி, ஆரம்பத்துல நான் ரொம்பப் பேசிட்டேன்."

"பரவால்ல டீச்சர். நீங்க ஆரம்பிச்சதும் எனக்கு ஸ்கூல்ல இருக்கிற மாதிரியே ஆயிருச்சு. வாய் தன்னால மூடிக்கிச்சு."

படகு துறையைத் தொட்டபோது மணி 12.35. பாக் டின் இறங்கவில்லை. இயந்திரச் சாவியைக் கழற்றி, துணியால் துடைத்து, முரளியின் கையில் வைத்தார். "சப்து டெப்பான், ஹாங் பாவா" என்றார். வரும் சனிக்கிழமை நீயே ஓட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, மலாயில், முதல் வலை ஏன் விரியவில்லை தெரியுமா, பையன் எப்போதும் இடது காலை முன்னால் வைத்துவிடுகிறான் என்று புகார் சொன்னார். இப்போது சிரித்தார்.

முரளி அங்கேயே, ஈரக் கையோடு, கூலிமுக்கு அழைத்தார். "சார், ரொம்ப நன்றி சார். நான் வரல சார்." வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். மைமூன் மிட்டாய்ப் பொட்டலம் முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முன்பதிவு செய்யும்போது "தண்ணி எத்தனை மணிக்கு ஏறும்?" என்று கேட்டு, ஏறும் நேரமாகப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள், வற்றும் நேரத்தில் போனால் மரத்தில் மீன் இருக்காது. வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்லது. பட்டை வைத்த செருப்பு, தொப்பி, கொசு எண்ணெய், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கழிவறை துறையில் மட்டும்தான், ஏறும் முன்பே போய்விடுங்கள். திரும்பும்போது பாலிக் பூலாவ் டவுனில் லக்சாவும் ஜாதிக்காய்ச் சாறும் சாப்பிடாமல் வந்தால் மைமூன் உங்களோடு பேச மாட்டாள். இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு 19 வெள்ளி ஆனது.

பெட்டியில் இடம் அடைக்காத ஒன்றை மட்டும் கூடுதலாகக் கொண்டு போங்கள். வழிகாட்டிக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறது, வாய்க்கு வர நேரமாகும். உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியை அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல், மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள்.