மரவாழைக்கு மீன் தண்ணீர்

போன வாரம் பல் டாக்டரைப் பார்க்க மயிலாப்பூர் போனேன். ஒரு அடுக்குமாடியின் தரைத்தளத்தில் கிளினிக். காத்திருக்கும் இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு ஆர்க்கிட் பூச்செடி. கிட்டே போய் முகர்ந்தேன். பினாயில் வாசனை. பிளாஸ்டிக்! வாட்ச்மேன் அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பல்வலியைவிட அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த அடுக்குமாடி நிற்கும் இடத்தில்தான், தொண்ணூறுகளில், நான் ஒரு நிஜமான ஆர்க்கிட்டைக் கொல்லப் பார்த்தேன்.

அப்போது எனக்குத் தட்டச்சு வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால் இரண்டு வீடுகளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, இங்கே இருந்த பழைய வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார மாமா கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே நிபந்தனை: "ஆத்துல மீன், கறி சமைக்கப்படாது." மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் தலையாட்டினேன். வேறு போக்கிடம் இல்லை.

மாமா ஒரு மாதம் காசிக்குப் போனார். கொல்லையில் மரச்சட்டக் கூடையில் தொங்கிய செடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மரவாழையாம். ஆர்க்கிட்டில் நம்மூர் ஜாதி. கூடையில் நாலு கரித்துண்டு, வேறொன்றும் இல்லை. என்ன கஞ்சத்தனம்! வாழை என்றால் மண் வேண்டாமா? தொட்டியில் செம்மண்ணும் சாணமும் போட்டு நட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். சிரிக்காதீர்கள். பத்து நாளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் பாதி வேர் கறுத்துக் கூழாகி நாறியது.

அப்புறம்தான், மாமா ஆணியில் மாட்டிவிட்டுப் போன தாளைப் படித்தேன். 'மண் ஆகாது. மரத்தின் மேல் ஒட்டி வாழும், மரத்தை உறிஞ்சாது. வேருக்குக் காற்று வேண்டும். காலையில் நனை, சாயங்காலத்துக்குள் காயட்டும்.' அழுகின வேரை வெட்டி எறிந்தேன். மிச்சத்தைத் தேங்காய் மட்டையோடு சேர்த்து, இளவெயில் படுகிற பக்கமாகக் கொல்லை மாமரத்தில் பழைய புடவைக் கிழிசலால் கட்டினேன்.

மறுநாள் நொச்சிக்குப்பம் பக்கம் மீன் விற்கும் செல்வியக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"செடி செத்தா வீடு போயிடும்க்கா."

"மீன் கழுவுன தண்ணிய ஊத்து. சும்மா துள்ளிக்கினு எந்திரிக்கும்."

"ஐயரு வீடுக்கா!"

"செடி இன்னா, ஐயரா?"

வாரம் ஒருநாள் அவளிடம் தூக்குவாளியில் வாங்கிவந்து, நிறைய நல்ல தண்ணீர் கலந்து வேரில் தெளித்தேன். தெருப்பூனை எல்லாம் மாமரத்தடியில் குடியேறின.

மாமா வந்தார். பையைக்கூட இறக்காமல் நேரே மரத்தடிக்குப் போனார். நான் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேர் நுனி பச்சையா வந்திருக்கே. பொழைச்சுண்டுடுத்து."

கட்டி வைத்த பெட்டியைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

"அது சரி, இந்தப் பூனையெல்லாம் ஏன் இங்கயே சுத்திண்டிருக்கு?"

"அணில் இருக்குல்ல மாமா."

அடுத்த கோடையில் பூத்தது. பழுப்பு மஞ்சளில் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா நாக்கு. கொல்லைக் கதவைத் திறந்தாலே வாசனை. மாமா முதல் பூவைப் பறித்து சுவாமி படத்துக்கு வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கல்யாணமாகிக் காலி செய்த அன்று, சாவியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அணிலாம், அணில்!"

"தெரிஞ்சுமா சாமிக்கு வெச்சீங்க?"

"ஆத்துல சமைக்கப்படாதுன்னுதான் சொன்னேன். செடிக்கு ஊத்தப்படாதுன்னு சொன்னேனா?"

கோர்ட் குமாஸ்தா! நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

இப்போது மாமா இல்லை, மாமரம் இல்லை. செல்வியக்கா உட்கார்ந்த சாலையோரத்தில் மீன் கூடைகளும் இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மேல்மாடியில் யாரோ தாராளமாக மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பயமில்லை, நல்லதுதான். வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தேன். ஒரு பூனையைக்கூடக் காணோம்.