அம்மா பிடுங்கிய பந்து

என் வலது முழங்கை வலிக்கிறது என்பதை ஒன்றரை மாதம் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை உட்கார்த்திவிடுவார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேஸ்போல் அணியில் பந்தை நேராக எறியத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பதின்மூன்று வயது. ஒவ்வொரு மேட்ச்சிலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை மாஸ்டர் என்னையே எறியவிட்டார். அதை யாராவது தண்டனை என்று சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

கடைசியில் சாப்பாட்டு மேசையில் பிடிபட்டேன். இடியப்பத்தைச் சொதியில் குழைத்துவிட்டேன். வாய்க்குக் கொண்டுபோகக் கை மடியவில்லை. சத்தமில்லாமல் இடக்கைக்கு மாறினேன்.

"இதென்ன புதுப் பழக்கம்?" என்று அம்மா என் கையைப் பிடித்து மடக்கினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மறுநாளே டொக்டரிடம் கூட்டிப்போனார். வளர்கிற பிள்ளைக்கு முழங்கை எலும்பின் நுனி இன்னும் இறுகியிருக்காதாம். ஓய்வில்லாமல் எறிந்ததில் அது இழுபட்டுவிட்டதாம். "மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த நுனி பிய்ந்து வந்துவிடும்" என்றார் டொக்டர். அரையிறுதிக்குப் பத்து நாள் இருந்தது.

டொக்டர் எழுதித் தந்த துண்டை அம்மா என்னிடமே கொடுத்து மாஸ்டரிடம் அனுப்பினார். மாஸ்டர் அதைப் படித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் எறிவன் சேர்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அரையிறுதி நடந்த சனிக்கிழமை, வெள்ளவத்தையில் டியூஷன் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். முழங்கை முழுக்கத் தைலம். முதல் மூன்று இன்னிங்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தேன். நாங்கள்தான் முன்னால் நின்றோம். நான்காவதில் ஒவ்வொரு எறிக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வை மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மாவைக் கண்டேன். கட்டிலுக்கு அடியில் என் கிளவுஸ் இல்லாததைப் பார்த்து விஷயம் விளங்கி, வீட்டுச் சேலையோடேயே வந்திருந்தார். மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி, ஆட்டம் நடக்கும்போதே நேராக என்னிடம் நடந்து வந்து, கையிலிருந்த பந்தைப் பிடுங்கினார்.

அம்பயர் ஓடிவந்து, "நோனா, எளியட்ட யன்ன" என்று வெளியே போகச் சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, இன்னும் ரெண்டே இன்னிங்ஸ்தான்" என்றார் மாஸ்டர்.

"இது என்ர பிள்ளைட கை!" மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் அம்மா. "உங்கட கப்புக்காக இத உடைக்க விடமாட்டன். துண்டு தந்தனான்தானே, வாசிக்கத் தெரியாதா?"

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். என் இடக்கையைப் பிடித்து அம்மா இழுத்தார். நான் காலை ஊன்றி நின்றேன், இழுபட்டேன், அழுதேன். வேறு பந்து, வேறு பிட்ச்சர். நாங்கள் தோற்றோம்.

அம்மாவோடு மூன்று வாரம் நான் கதைக்கவில்லை. அம்மாவும் சமாதானத்துக்கு வரவில்லை. எனக்குச் சோறு குழைத்துக் கரண்டியையும் வைத்துவிட்டுப் போவார். கை தேறியது. அடுத்த வருடம் மறுபடி எறிந்தேன். "மூன்று இன்னிங்ஸுக்கு மேல எறியமாட்டன்" என்று மாஸ்டரிடம் நானே சொன்னேன். அவர் முகம் கறுத்தது. கறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது யுத்த காலம். பஸ்ஸில் நான் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தாலே அம்மா என் தொடையில் தட்டுவார். எங்கள் தமிழ் பக்கத்துச் சீட்டுக்குக் கேட்கக் கூடாது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது அவர் குரல் பாதியாகிவிடும். அப்படிப்பட்டவர்தான் அன்று, மதிலோரம் காவலுக்கு நின்ற இரண்டு ஆமிக்காரர்களும் திரும்பிப் பார்க்க, அத்தனை பேருக்கும் நடுவில் தொண்டை கிழியத் தமிழில் கத்தினார். அப்போது எனக்கு அது உறைக்கவேயில்லை. சிநேகிதிகளுக்கு முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.