கண்டக்டர் அண்ணாச்சி பாடாமல் இருந்த ஏழு மாதம்

கோயிலில் ஞாயிறு திருப்பலி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது கண்டக்டர் அண்ணாச்சி மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி என் பக்கம் நீட்டினார். "பிள்ள, இனி நீ பாத்துக்கோ" என்றார். பாட்டுப் புத்தகத்தைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு நடுவழியாக நடந்து போய், ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அது மே மாதம். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினெட்டு வருடமாக எங்கள் பங்குக் கோயிலில் பாட்டை நடத்தியவர். அப்படி அவர் நடந்து போனதை நான் தடுக்கவில்லை. தடுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நெல்லையிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில் அவர் நடத்துநர். வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி என்பதால், அன்றைய டூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொள்வார். மாற்ற முடியாத வாரம் காக்கிச் சட்டையோடே இறங்கி ஓடி வருவார். இசையை முறையாகப் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு பாட்டை எந்தச் சுருதியில் எடுத்தால் கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து பாடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் கொஞ்சம் உயரமாக எடுத்தால் உடனே கையைத் தாழ்த்திக் காட்டுவார். "படி ஒசரமா இருந்தா பாதி சனம் ஏறாது. எறக்கு" என்பார். எனக்கோ குரல் உயரத்தில்தான் நன்றாக இருக்கும். எட்டு வருடமாக அவர் பக்கத்தில் நின்று பாடியும், என் குரலின் நல்ல பகுதியை ஊரில் யாருமே கேட்டதில்லை என்று உள்ளுக்குள் ஒரு குறை. பெரிய குறை என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்தது.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு அவர் மகள் கோயம்புத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆழ்வார்திருநகரிப் பையன், இந்து. அண்ணாச்சிக்கு முன்பே தெரியும். அவரும் அவர் மனைவியும் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். ஊரில் அதுதான் பேச்சாயிற்று. ஓடிப்போயிருந்தால்கூடப் பரிதாபப்பட்டிருப்பார்கள், தகப்பனே முன்னால் நின்று நடத்தி வைத்ததுதான் பொறுக்கவில்லை. கோயில் காரியங்களைப் பேசும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "வீட்டுக் கல்யாணத்தைக் கோயில்ல வச்சு நடத்தாதவரு, கோயில்ல முன்னால நின்னு பாட்டு நடத்துதது சரியா?" என்று கேட்டார். அண்ணாச்சி அன்று டூட்டியில் இருந்தார். பங்குத்தந்தை எங்கள் ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாடகர் குழு சார்பில் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். குழுவிலிருந்து அங்கே இருந்தது நான் மட்டும்தான். நான் பேசவில்லை. தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை, ஆனாலும் கூட்டத்தில் நடந்தது அடுத்த நாள் காலைக்குள் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மைக் என்னிடம் வந்தது.

நான் நன்றாகத்தான் நடத்தினேன். சுருதியை ஏற்றினேன். புதுப் பாட்டுகள் பழக்கினேன், இரண்டு குரலில் பாட வைத்தேன். முதல் மாதம் பூசை முடிந்ததும் நாலைந்து பேராவது வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். பூ கட்டி விற்கும் அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரேடியோ கேட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிடிபட ஆகஸ்ட் ஆனது. திருவிருந்துப் பாட்டின் நடுவில் கீபோர்டு ஒரு நொடி நின்றபோது, எங்கள் ஆறு பேர் குரலைத் தவிரக் கோயிலில் வேறு சத்தமே இல்லை. சனங்கள் வாயை மூடிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் அண்ணாச்சியும். அவர் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. ஒரு வரிகூடப் பாடியதும் இல்லை.

அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஐப்பசி மழை பிடித்திருந்தது. காய்ந்தும் காயாமலும் இருந்த காக்கிச் சட்டையை மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் விரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்: "அண்ணாச்சி, கூட்டத்துல நான் வாயத் தொறக்கல. மைக் எனக்கு வரும்னு தெரிஞ்சுதான் தொறக்கல."

அவர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டே, "தெரியும்" என்றார். "நான் நீட்டுனப்ப உன் கை சட்டுனு வந்துச்சுல்லா."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வாருங்கள் என்று கேட்டேன். அவர் சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"வருதேன். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா எம்மக ஒருநா மாப்பிள்ளயக் கூட்டிட்டு வந்தா கோயில்ல எங்கன உக்காருவா? அதக் கேட்டுட்டு வா."

அடுத்த கூட்டத்தில் நானாகவே எழுந்தேன். மே மாதம் ஏன் பேசாமல் இருந்தேன் என்பதை முதலில் சொன்னேன். பிறகு அவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே கேட்டேன். மே மாதம் எழுந்து பேசியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்படிக் கேட்டா என்னத்தச் சொல்லுதது வே?" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. பங்குத்தந்தை இந்தத் தடவை மேசையைப் பார்க்கவில்லை. "எங்க வேணும்னாலும் உக்காரலாம். இதை நான் மே மாசமே சொல்லியிருக்கணும்" என்றார். வேறொருவர் மட்டும் எழுந்து வெளியே போனார். அவர் குடும்பம் இன்றுவரை பக்கத்துப் பங்குக்குத்தான் போகிறது.

நவம்பர் கடைசி ஞாயிறு அண்ணாச்சி மைக்குக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாகக் கீபோர்டுக்காரரிடம் கையைத் தாழ்த்திக் காட்டினார். என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. அவர் வீட்டில் நான் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பழைய மாதிரி என்னைக் கேலி செய்ய அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கம் என்று பிரியாமல், அம்மாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. முன்வரிசைக்காரரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி பிந்தி எழுந்தான். காணிக்கைப் பாட்டை அண்ணாச்சி எடுத்தார். பல்லவியும் முதல் சரணமும் சரியாகப் போயின. இரண்டாம் சரணத்தின் முதல் வரியில் நின்றுவிட்டார். வரி மறந்ததா, பாட முடியவில்லையா என்று நான் கேட்டதில்லை. என் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்குள் கோயில் முழுக்க அந்தச் சரணத்தைப் பாடத் தொடங்கியிருந்தது. அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.