அப்பா நின்ற ஆறு மாதம்

அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் அப்படித்தான் இருந்தன. உழைக்கிற ஆள் அங்கே, குடும்பம் இங்கே. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை மெயில் ரயிலில் வந்து இறங்குவார், ஞாயிறு பின்னேரம் திரும்ப ஏறிவிடுவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்களுக்கு அப்பா இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளில் அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பையில் இருந்து பிஸ்கட்டும் முந்திரிகைப் பழமும் எடுத்துத் தருவது. மற்றது அடிப்பது. மாதம் முழுக்க அம்மா எங்கள் குழப்படிகளைச் சேர்த்து வைத்திருப்பார். "இரு, கொப்பர் வரட்டும்" என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் அம்மா பொறுப்பார், பிறகு ஒன்றுவிடாமல் ஒப்புவிப்பார். குற்றவாளி தானே போய் வேலிப் பூவரசில் கம்பு முறித்துக்கொண்டு வரவேண்டும். கையை நீட்டினால் உள்ளங்கையில் இரண்டு விழும். பெரிதாக நோகாது. மூன்று கிழமைக்கு முன்னர் நடந்த குழப்படிக்கு, ராத்திரி முழுக்க ரயிலில் குந்தியிருந்து வந்த மனிதருக்கு எங்கிருந்து கோபம் வரும்? அம்மா கேட்டார், அவர் செய்தார். அவ்வளவுதான்.

கோப்பாயில் பெரியம்மா வீடு வேறு மாதிரி. பெரியப்பா தோட்டம் செய்கிறவர், எந்த நேரமும் கண்ணெதிரே நிற்பவர். அவருடைய மகளுக்கு என் வயது. தகப்பனுக்கு வாய் காட்டுவாள், அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கலைத்துக்கொண்டு ஓடுவார், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவர் முதுகில் ஏறியிருப்பாள். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். அப்பாவோடு கோபிக்கலாம், பிறகு அந்தக் கோபம் தானாகத் தீரும் என்பதெல்லாம் எனக்குப் புதினம். எங்களுக்கு அதற்கு நேரம் இருந்ததேயில்லை. அப்பா எங்களோடேயே நிற்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் நேர்ந்து வைத்தேன்.

பிள்ளையார் நிறைவேற்றிய விதத்தைப் பாருங்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அப்பா அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். யாரோ ஒருவருடைய சேட்டு, தோள் இரண்டிலும் தொங்கியது. கையில் ஒரு பையும் இல்லை. ஆறு வயதுத் தம்பி அவருடைய வெறுங்கையைப் பார்த்தான், பிறகு அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டான். எனக்கு ஒன்பது வயது. நானும் கிட்டப் போகவில்லை.

"பிள்ளையளுக்கு இனி நல்ல காலம், தேப்பன் பக்கத்திலை" என்று அயலவர்கள் சொன்னார்கள். எங்களுக்கோ வீட்டுக்குள் நடக்கவே கூச்சமாக இருந்தது. முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு அப்பா இருப்பார். நாங்கள் குசினிப் பக்கத்தால் சுற்றிப் போவோம். துவாய் எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். யாராவது படலையை அடித்துச் சாத்தினால் எழும்பி நிற்பார், பிறகு ஏன் எழும்பினோம் என்று தெரியாதவர்போல மெல்ல இருப்பார். கொழும்பில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை.

அதுவரைக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்த தம்பியைத் தனியாகப் படுக்கச் சொன்னார்கள். அவன் பாயை நனைக்கத் தொடங்கினான். விடிந்தால் பாய் வேலியில் காயும், அதைப் பார்த்து ஒழுங்கைப் பொடியள் சிரிப்பார்கள். "ஆறு வயசிலை உவன் செய்யிற வேலையைப் பாத்தியளே? ஒருக்கா வெருட்டி வையுங்கோ" என்று அம்மா அப்பாவிடம் சொல்வார். அப்பா எழும்பிப் படலைப் பக்கம் போய்விடுவார். வந்த நாளில் இருந்து அவர் எங்கள் மேல் கை வைத்ததேயில்லை. அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தை மாதம் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. "உயிரை விடவோ போறியள்? போகவேண்டாம்" என்று அம்மா அழுதார். அப்பா இரண்டு நாளாகக் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலை பெரியப்பாவின் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்து, தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்தார். முன் பாரில் ஒரு சாக்கை மடித்துக் கட்டினார். தம்பியைப் பெரியப்பாவின் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போகப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, இஞ்சை வா" என்று கூப்பிட்டார்.

அன்றைக்கும் பாய் நனைந்திருந்தது. தம்பி நேரே வேலிக்குப் போனான். எம்பி எம்பி ஒரு கம்பு முறித்தான். கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

கம்பை என்ன செய்வதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. "அடிக்கக் கூப்பிடேல்லை, ராசா" என்றார். தம்பி கண்ணைத் திறக்கவில்லை. அப்பா கூப்பிட்டால் வேறு எதற்கு என்று அவனுக்கு யார் சொல்லித்தந்தது? அப்பா அவனுக்கு முன்னால் குந்தினார். "பயப்பிடாமல் சொல்லு. அப்பா கொழும்புக்குப் போகட்டோ, இஞ்சை உங்களோடை நிக்கட்டோ?"

தம்பி ஒற்றைக் கண்ணைத் திறந்து யோசித்தான். "போயிட்டு வாங்கோ" என்றான், மிக மரியாதையாக. பிறகு, "வரேக்கை பிஸ்கட் கொண்டு வாங்கோ."

அப்பா சிரித்தார். சிரித்தபடியே நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "நில்லுங்கோ அப்பா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒழுங்கை முழுவதையும் வாயால் வெல்லுகிற பிள்ளை நான். தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் போனால் நல்லது என்றுதான் எனக்கும் இருந்தது. வீடு பழையபடி வீடாகும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை போய்விட்டார். தம்பியின் பாய் பிறகு நனையவில்லை. மாத முடிவில் அவர் வந்து இறங்கியபோது தம்பி பிளாட்பாரத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நன்றாக இருக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் அளவுக்குத்தான் நாங்கள் அவரில் அன்பாக இருக்கப் பழகியிருந்தோம். அதற்கு மேல் எங்களுக்கு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டு ரயிலும் நின்றது, அப்பாவின் வரவும் நின்றது. தம்பிக்கு அப்போது பதின்மூன்று. தகப்பன் தேவைப்படுகிற வயது அவனுக்கு அப்போதுதான் வந்தது. அப்பா அனுப்பிய பழைய கடிதங்களை எடுத்து வைத்து வாசிப்பான். அவற்றில் நன்றாகப் படிக்கவும் என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அவனோடு படித்த பொடியள் ஒவ்வொருவராக வீட்டைவிட்டு இயக்கத்துக்குப் போனார்கள். இவனையாவது பிடித்து நிறுத்த என்னாலும் அம்மாவாலும் முடியுமா என்று ஒவ்வொரு நாளும் பயந்தோம்.

இரண்டு வருடம் கழித்து, கிளாலிக் கடலேரியால் படகில் வருகிறேன் என்று அப்பா ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். தம்பி அறையைக் கூட்டி, தன் கட்டிலை அவருக்கு ஒதுக்கினான். கொடிகாமம் வரைக்கும் சைக்கிளில் போய், பதினைந்து மைல் கட்டைக்கு மேல் அவரைப் பின்னால் ஏற்றி மிதித்துக்கொண்டு வந்தான். "களைச்சுப் போனியோ?" என்று வழியில் இரண்டு தரம் கேட்டாராம். வேறொன்றும் கதைக்கவில்லையாம்.

படலையடியில் இறங்கிய அப்பா செருப்பைக் கழற்றவும் இல்லை. தம்பியின் தோளில் கை வைத்து, ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். "நாலைஞ்சு நாள்தான் தம்பி. உங்களுக்குக் கரைச்சல் தராமல் போயிடுவன்."

தம்பி சைக்கிளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். எனக்குப் பதினெட்டு வயது. என்ன சொல்லவேண்டும் என்று இந்த முறை நன்றாகத் தெரிந்திருந்தது.

"தேத்தண்ணி போடட்டோ அப்பா?" என்று கேட்டேன்.