அத்தையும் அண்ணியும் ஒரு டப்பா கிரேயானும்

தண்ணீர் சப்ளை அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது அத்தையின் வேலை. குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் நாறுகிறது என்பவர்கள், எல்லோரும் அவளிடம்தான் கத்துவார்கள். திருப்பிக் கத்தக் கூடாது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தேன் தடவிய குரலில் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'வருந்துகிறோம்'தான்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஐந்து வயது மகள் என்று ஒரே வீட்டில் வாசம். குழந்தை கூப்பிடுவதைக் கேட்டு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் அவள் அத்தையாகிவிட்டாள்.

அண்ணி பேக்கரியில் கேக் மேல் கிரீம் பூ போடுகிறவள். துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்று ஒரு நாள் பேச்சு வளர்ந்தது. அண்ணி பொரிந்து தள்ளி முடித்ததும், அத்தை பழக்க தோஷத்தில், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றுவிட்டாள்.

"நான் என்ன தண்ணி வரலன்னு போன் பண்ணினேனா?" என்றாள் அண்ணி. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அதன் பிறகு எல்லாம் குழந்தை வழியாகத்தான். "உங்க அத்தைகிட்ட கேளு, குளிக்கப் போறாங்களா இல்லையான்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, அப்புறம் போறேன்னு." குழந்தைக்கு இந்த உத்தியோகம் பிடித்திருந்தது. நடுவில் கைச்சரக்கும் சேர்த்துக்கொள்வாள். "அம்மா, நாம எல்லாரும் பிஸ்கட் சாப்பிடலாமான்னு அத்தை கேக்குறாங்க" என்பாள். அத்தை வாயே திறந்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு முதலில் வீடு திரும்புவது அத்தைதான். காது இரண்டும் கொதிக்கும். யாராவது ஒரு வார்த்தை பேசினாலும் எரிச்சல். ஒரு நாள் குழந்தை அவளிடம் பேசவில்லை. கூடத்துத் தரையில் ஒரு பெரிய தாளை விரித்து, ஊதா கிரேயானை அவள் கையில் திணித்தாள்.

"நீ யானைக்குக் காது போடு. நான் வால் போடுறேன். பேசக் கூடாது."

பேசக் கூடாது என்று அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். யானைக் காது முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. பரவாயில்லை என்று சுழி போட்டாள், சுழிக்குள் சுழி போட்டாள், அதையெல்லாம் ஊதாவால் தேய்த்தாள். மெழுகு வாசனை. தாளில் கிரேயான் உரசும் சின்னச் சத்தம். காலையிலிருந்து காதுவரை ஏறி நின்ற தோள்கள் எப்போது இறங்கின என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் செருப்பைக் கழற்றும்போதே, "தாள் எங்கே?" என்று கேட்டாள்.

அண்ணி வரும்போது இருவரும் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். அவள் சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு பாத்திரத்தைச் சற்றே சத்தமாக வைப்பாள்.

ஒரு நாள் அவள் சமையலறைக்குப் போகவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது.

"அம்மா, நீ புல்லு போடு," என்றாள் குழந்தை.

"கை வலிக்குதுடி. நாள் பூரா கிரீம் பிழிஞ்ச கை."

"அப்ப வலிக்காத கையால போடு."

அண்ணி இடது கையை நீட்டினாள். பச்சை கிரேயான் அத்தையிடம் இருந்தது. "உங்க அத்தைகிட்ட அந்தப் பச்சையைக் கேளு."

"நான் வேலையா இருக்கேன்," என்றாள் குழந்தை, வாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீயே கேளு."

அண்ணி நீட்டிய கையை அத்தை பக்கம் திருப்பினாள்.

"பச்சை..." என்றாள் அண்ணி.

"இந்தாங்க அண்ணி. முனை உடைஞ்சிருக்கு, பாத்து."

இடது கையில் புல் கோணல்மாணலாக முளைத்தது. அண்ணியே சிரித்துவிட்டாள். கொஞ்சம் போட்ட பிறகு, தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "இன்னைக்கு ஒருத்தர் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்துட்டார். பேர்ல ஒரு எழுத்து விட்டுட்டேனாம்."

"கத்தினாரா?"

"கடை அதிர."

"நேர்லன்னா கஷ்டம்தான். போன்னா நான் காதுலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்குவேன்." அத்தை யானைக்கு இன்னொரு சுழி போட்டாள். "அன்னைக்கு நான் கிண்டல் பண்ணல அண்ணி. வாய் தானா சொல்லிடுச்சு."

"தெரியும். ரெண்டு நாள்லயே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல," என்றாள் குழந்தை. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது குழந்தைக்குச் சைக்கிள் பைத்தியம். சாயங்காலமானால் கீழேதான் இருப்பாள். தாள் மட்டும் கூடத்தில் விரிந்திருக்கிறது. நேற்று அண்ணன் வந்தபோது, மீனுக்குச் சிவப்பா மஞ்சளா என்று அவன் மனைவிக்கும் தங்கைக்கும் பலத்த வாக்குவாதம்.

"பசிக்குது," என்றான்.

"அடுப்புமேல இருக்கு, போட்டுச் சாப்பிடு," என்றாள் அத்தை. அதற்குள் மஞ்சள் கிரேயானை அண்ணி எடுத்துவிட்டிருந்தாள்.